விறகு பிளக்கும் பொறியும் இரண்டு அம்புகளும்

வாசகர்கள் முதலில் என்னை மன்னிக்க வேண்டும். கட்டுரை எழுதுவது எப்படி என்று பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குக் கற்பித்து வருகிறேனே தவிர, நானாக ஒன்றை எழுதி எவரிடமும் நீட்டியதில்லை. எழுதத் தெரிந்தவர்கள் பலர் இருக்கும்போது நான் பேனாவை எடுப்பது அதிகப்பிரசங்கித்தனமாகத் தோன்றலாம். பிழை கண்ட இடத்தில் பொறுத்தருளுமாறு தாழ்மையுடன் வேண்டுகிறேன். சம்பவம் எங்கள் வீட்டில் நடந்தது. ஆகையால் இதைச் சொல்ல வேறொருவரைத் தேடிப் போகவும் எனக்கு வழியில்லை.

அப்போது நாங்கள் திருகோணமலையில் உப்புவெளிப் பக்கம் குடியிருந்தோம். ஆங்கிலேயரின் கடற்படை துறைமுகத்தை விட்டுப் போய் ஐந்தாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. என் கணவர் சிவபாதம் ஒரு கந்தோரில் எழுதுவினைஞர். என் தம்பி ஆனந்தராசா எங்களோடு தங்கியிருந்தான். துறைமுகத்துக்குள் இருந்த ஒரு பண்டகசாலையில் அவனுக்குத் தற்காலிக வேலை. அந்த இடத்தின் பெயரை இங்கே குறிப்பிடுவது முறையாகாது. நிரந்தர நியமனத்துக்கு அவனுடைய பெயர் மேலிடத்துக்குப் போயிருந்தது. திரியாயில் புஸ்பராணி என்ற பெண்ணை அவனுக்குப் பேசி முடித்திருந்தோம். நியமனம் கிடைத்த பிறகே நாள் வைப்பது என்று பெண்ணின் தகப்பனார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஆகவே அந்த ஆண்டு எங்கள் வீட்டில் எவர் எதைச் செய்தாலும், இது தம்பியின் வேலைக்குக் குந்தகமாகுமோ என்ற கேள்வியும் கூடவே எழுந்தது.

துறைமுகத்தில் வேலை செய்வோரின் வீடுகளில் அத்தகைய அச்சம் இருந்ததற்குக் காரணம் உண்டு. கடற்படையினர் விட்டுச்சென்ற சாமான்களில் ஒரு பகுதி பகிரங்க ஏலத்தில் விற்கப்பட்டது. இன்னொரு பகுதி, சொல்லக் கூச்சமாக இருக்கிறது, வேலிக்கு மேலாலும் வெளியே வந்தது. ஊரில் பல வீடுகளின் கதவும் கதிரையும் கப்பலின் சாம்பல் நிறத்தில் இருந்தன. நிறத்தை எவரும் பெரிதுபடுத்துவதில்லை. ஆனால் இரும்பிலே கொத்தப்பட்ட அம்புக்குறியைக் கண்டால் எல்லோரும் பேச்சைக் குறைத்துக்கொள்வார்கள். மூன்று சிறு கோடுகள் ஒரு நுனியில் கூடும் அந்தக் குறி, பொருள் அரசாங்கத்துக்கு உரியது என்று காட்டுவது. தம்பியின் பண்டகசாலையில் சுத்தியல் முதல் நங்கூரச் சங்கிலி வரை எல்லாவற்றிலும் அது இருந்தது.

மாரி தொடங்க முன்னர் என் கணவர் சைக்கிளிலிருந்து விழுந்து வலது தோளை முறித்துக்கொண்டார். எலும்பு பொருந்தியது. ஆயினும் கோடரியை ஓங்கும் வலு திரும்பவில்லை. எங்கள் குசினியில் விறகுதான் எரிந்தது. வண்டிக்காரர் கொண்டுவந்து போடும் வீரைக் கட்டைகளையும் பாலைக் கட்டைகளையும் அதுவரை அவரே கொத்தி அடுக்கி வந்தார். கூலிக்கு ஓர் ஆளைப் பிடிக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் சம்மதிக்கவில்லை. பகலில் நான் பள்ளிக்கூடத்திலும் அவர் கந்தோரிலும் இருக்கையில், கொத்துகிறவன் நல்ல கட்டைகளை வேலிக்கு வெளியே எறிந்துவிட்டு முறுக்குக் கட்டைகளை மட்டும் கொத்தி வைப்பான் என்பது அவருடைய முடிவு. என் கணவர் மிகவும் நல்லவர். ஆனால் பால்காரர் ஊற்றிய பாலைக்கூட வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த பிறகே அடுப்படிக்கு அனுப்புவார்.

எண்ணெய் அழுத்தத்தால் விறகு பிளக்கும் பொறியைப் பற்றி முதலில் பேச்செடுத்தவன் தம்பிதான். லொறியைத் தூக்கும் ஜெக்கைப் படுக்க வைத்தது போன்றது அது என்று அவன் விளங்கப்படுத்தினான். நீண்ட இரும்புச் சட்டத்தின் ஒரு முனையில் ஓர் ஆப்பு நிலையாகப் பொருத்தப்பட்டிருக்கும். மறு முனையில் ஜெக். கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் உள்ளேயிருக்கும் எண்ணெய் தள்ள, ஜெக்கின் தண்டு மெதுவாக வெளியே வந்து கட்டையை ஆப்பின்மேல் நெரிக்கும். ஓங்கத் தேவையில்லை. இடது கையால்கூடச் செய்யலாம்.

எதை வாங்குவது என்ற கேள்விதான் எங்களை நெடுநாள் அலைக்கழித்தது. கொழும்பு முகவர் ஒருவர் ஒரு படத்தைக் காட்டினார். அந்தப் பொறிக்கு இயந்திரமும் பெற்றோலும் வேண்டும். படத்தில் ஒரு வெள்ளைக்காரர் தொப்பியோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தார். என் கணவர் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, அதிலிருக்கும் கட்டையில் வைரமே இல்லை, குளிர்தேசத்து மரத்தைப் பிளந்து காட்டி எங்களை ஏமாற்றப் பார்க்கிறார்கள் என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

பட்டணத்தில் லொறி திருத்தும் சோமசேகரம் என்பவர் பழைய லொறி ஜெக் ஒன்றைச் சட்டத்தில் பூட்டி வைத்திருந்தார். நிமிர்ந்து நிற்கையில் அது நன்றாக வேலை செய்தது. படுக்க வைத்ததும் காற்றை இழுத்துக்கொண்டு கைப்பிடி தளர்ந்துவிட்டது. அடியில் எண்ணெயும் கசிந்தது. புதிதில் அப்படித்தான் கசியும் என்றார் அவர். என் கணவர் அந்த எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்து, இது புதியதுமல்ல, இதிலுள்ள எண்ணெய் இவருடையதுமல்ல என்று என் காதில் சொன்னார்.

மிஞ்சியவர் கிண்ணியாவைச் சேர்ந்த ஸைனுலாப்தீன் நானா. பழைய இரும்பு வியாபாரி. துறைமுக ஏலங்களில் குவியல் குவியலாக இரும்பு எடுப்பவர். அவற்றில் கிடைத்த ஒரு ஜெக்கை வைத்து இப்படியான பொறி ஒன்று செய்திருக்கிறார் என்று கேள்விப்பட்டு, ஒரு சனிக்கிழமை காலையில் நானும் கணவரும் புறப்பட்டோம். வியாபாரி இலேசான மரத்தைப் பிளந்து காட்டி ஏமாற்றக்கூடும் என்பதால், கணுக்கள் நிறைந்த எங்கள் வீரைக் கட்டை ஒன்றைச் சாக்கில் கட்டி எடுத்துக்கொண்டார் என் கணவர். கிண்ணியாத் துறையில் ஓடத்தில் ஏறும்போது சாக்கு அவிழ்ந்து கட்டை வெளியே தெரிந்தது.

"பட்டணத்துக்கு விறகு போறதே கிண்ணியாவில இருந்துதான்," என்றார் ஓடக்காரர். "நீங்க கிண்ணியாவுக்கு விறகு கொண்டு போறீங்களோ ஐயா?"

ஓடத்தில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் கணவர் மட்டும் கரை சேரும் வரை சாக்கின்மேல் காலை வைத்தபடி நின்றார்.

ஸைனுலாப்தீன் நானா பெரிய குரல் உள்ளவர். அவருடைய வளவு முழுவதும் சங்கிலிகளும் உருளைகளும் துருப்பிடித்துக் கிடந்தன. எங்கள் கட்டையைக் கண்டு அவர் கோபிக்கவில்லை.

"மாப்பிள்ளை பாக்க வந்த மாதிரி வந்திருக்கிறீங்க. நல்லாச் சுத்திச் சுத்திப் பாருங்க. பல்லையும் வேணுமெண்டால் பாருங்க," என்றார்.

கட்டையைச் சட்டத்தில் வைத்து, கைப்பிடியை என் கணவரிடமே கொடுத்தார். தண்டு அரக்கி அரக்கி முன்னே வந்தது. கட்டை முனகியது. பிறகு கணுவின் நடுவே வெடித்து இரண்டாகப் பிரிந்து விழுந்தது. என் கணவரின் முகத்தில் அப்படியொரு மகிழ்ச்சியை நான் தோள் முறிந்த பிறகு கண்டதில்லை. ஆனால் அது சிறிது நேரந்தான். ஜெக் எங்கே வாங்கியது என்று கேட்டார். ஏலத்தில் எடுத்தது என்றார் நானா. சீட்டைக் காட்டும்படி கேட்டபோது தயங்காமல் எடுத்துவந்து காட்டினார். அதில் பழைய இரும்பு ஒரு குவியல் என்று மட்டுமே எழுதியிருந்தது. ஜெக் என்ற சொல் எங்கும் இல்லை.

"குவியலுக்குள்ள என்ன கிடந்ததெண்டு நானும் பாக்கயில்ல ஐயா. நிறுத்து எடுத்தது," என்று சொல்லி, விலையைப் பற்றிய பேச்சையும் அவரே முடித்துவைத்தார். "இப்ப கொண்டு போங்க. மாரி முடியுமட்டும் விறகு கொத்துங்க. பிடிச்சாக் காசைத் தாங்க, பிடிக்காட்டிச் சாமானைத் தாங்க."

திரும்பி வரும்போது என் கணவர் கடலைப் பார்த்தபடி வந்தார். பிறகு, "காசு கேக்காத யாவாரியை நான் கண்டதில்லை, கோணேஸ்," என்றார். "சாமானை வளவை விட்டு அனுப்ப அவசரப்படுறார்." எனக்கும் அப்படித்தான் பட்டது. ஆயினும் பொறி எங்களுக்குத் தேவையாக இருந்தது. மறுவாரம் அது ஒரு மாட்டு வண்டியில் வந்து எங்கள் பின்வளவில் இறங்கியது.

அன்று ஞாயிற்றுக்கிழமை. தம்பி மண்ணெண்ணெய் தோய்ந்த துணியால் ஜெக்கில் படிந்திருந்த கிறீசைத் துடைத்துக்கொண்டிருந்தான். திடீரென்று அவனுடைய கை நின்றது.

"அக்கா, படலையைச் சாத்திப்போட்டு வாங்கோ," என்றான்.

சாத்திவிட்டு வந்து பார்த்தேன். ஜெக்கின் பக்கவாட்டில், கிறீசின் அடியில், அம்புக்குறி இருந்தது. ஒன்றல்ல, இரண்டு. ஒன்றின் நுனி மற்றதன் நுனியைத் தொட்டபடி, இரண்டு சேவல்கள் கொத்த நிற்பதைப் போல எதிரெதிராக இருந்தன. தம்பி துணியைக் கீழே போட்டான். பண்டகசாலையில் ஆயிரக்கணக்கான சாமான்களைக் கையாண்டும் இப்படி இரட்டை அம்பை அவன் கண்டதில்லை. ஒன்றை மறைப்பதற்காகக் கள்ளர் இன்னொன்றை உளியால் கொத்தியிருக்கிறார்கள் என்பது என் கணவரின் ஊகம். எனக்கும் அதைவிட நல்ல விளக்கம் தோன்றவில்லை.

திருப்பிக் கொடுத்துவிடுவோம் என்று நான் சொன்னேன். துடைத்த பிறகு அம்பு பளிச்சென்று தெரிகிறது, அந்தக் குறியோடு ஓடத்தில் ஏற்றுவது எப்படி, துறைமுக வாசலில் தன்னைச் சோதிக்கிற காவலாளிகளில் இருவர் கிண்ணியா ஆட்கள், தினமும் அந்த ஓடத்திலேயே போய் வருகிறவர்கள் என்றான் தம்பி. அப்படியானால் பண்டகசாலையில் மூத்தவர் எவரிடமாவது இந்தக் குறியின் பொருளைக் கேட்டுப் பார்க்கலாமே என்றேன்.

"கேட்டால், நீ ஏன் கேக்கிறாய் எண்டு கேப்பினம்," என்றான் தம்பி. "நியமனம் வாற நேரத்தில எனக்கு அந்தக் கேள்வி வேண்டாம் அக்கா."

அம்புகளை அராவிவிடுவதே வழி என்று முடிவாயிற்று. அவனே போய் அரத்தை எடுத்துவந்தான்.

இரும்பின்மேல் அரம் எழுப்பிய சத்தம் பல்லைக் கூச வைத்தது. பக்கத்து வளவுக்குக் கேட்கும் என்று பயந்து, வானொலியைச் சத்தமாகப் போடும்படி என் கணவர் சொன்னார். போட்டேன். அதுவரை பக்கத்து வீட்டுக்குள் உறங்கிக்கொண்டிருந்த இராசநாயகம் அண்ணர், ஓய்வுபெற்ற புகையிரத உத்தியோகத்தர், அந்தச் சத்தத்தினால்தான் எழுந்து வேலிக்கு அருகில் வந்தார்.

"என்ன டீச்சர், இண்டைக்கு உங்கட ரேடியோ ஊருக்கே படிக்குது? கலியாணம் முற்றாக்கியாச்சோ?" என்று கேட்டார்.

பிறகு அவருடைய பார்வை பொறியின்மேல் விழுந்தது. இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தார். கொழும்பிலிருந்து லொறியில் வந்தது என்று என் கணவர் சொன்னார். நானும் தலையை ஆட்டினேன். அண்ணர் மிகவும் சந்தோஷப்பட்டு, இப்படி ஒன்று தமக்கும் வேண்டும் என்று சொல்லி, கொழும்பு முகவரின் விலாசத்தைத் தரும்படி கேட்டார். தேடித் தருவதாகச் சொன்னோம்.

அம்புகள் இருந்த இடம் வெள்ளிக் காசைப் போல மினுங்கியது. மாலைக்குள் ஜெக்குக்கும் சட்டத்துக்கும் பச்சை நிறப் பெயின்ற் பூசி முடித்தோம்.

பொறி அருமையாக வேலை செய்தது. மாரி முழுவதும் எங்கள் குசினியில் காய்ந்த விறகுக்குக் குறைவிருக்கவில்லை. பிடித்தால் காசு என்ற பேச்சின்படி நானாவுக்குரியதைத் தவறாமல் கொடுத்தனுப்பினோம். ஆனால் கொண்டுபோன ஆளிடம், நானா ஏதாவது கேட்டாரா, எப்படிப் பார்த்தார் என்று என் கணவர் குறுக்கு விசாரணை செய்தார். கட்டை வெடிக்கும் ஒவ்வொரு முறையும் இராசநாயகம் அண்ணர் வேலிப் பக்கம் வருவதாக எனக்குத் தோன்றியது. முகவரின் விலாசத்தை அவர் மறுபடி மறுபடி கேட்டது உளவு பார்ப்பதற்காகவே என்று நாங்கள் மூவரும் தீர்மானித்தோம். அதுவரை அவ்வப்போது அவருக்குக் கொடுத்து வந்த விறகையும் நிறுத்திக்கொண்டோம்.

மாரி ஓய்ந்த பின்னர் தம்பியின் பண்டகசாலையில் ஒரு ஜெக் காணாமற்போயிற்று. எங்கள் வீட்டில் இருந்ததே போன்ற இனத்தது. அந்தப் பிரிவில் வேலை செய்த எல்லோருடைய வீடுகளையும் பார்க்கும்படி உத்தரவாயிற்று. எங்கள் வீட்டுக்கு வந்த அதிகாரி வயதானவர், மிக மரியாதையானவர். ஆங்கிலேயர் காலத்திலேயே துறைமுகத்தில் சேர்ந்தவராம். நான் கொடுத்த தேநீரை நன்றி சொல்லிக் குடித்தார். பிறகு பின்வளவுக்கு வந்து பொறியைச் சுற்றிப் பார்த்தார். ஜெக்கின் பக்கவாட்டைப் பெருவிரலால் தடவியவர், சட்டைப் பையிலிருந்து சிறு கத்தியை எடுத்துப் பச்சைப் பெயின்ற்றைச் சிறிது சுரண்டினார். அராவிய தடம் வெளிப்பட்டது.

எங்கே வாங்கியது என்று கேட்டார். தம்பி உள்ளதை உள்ளபடி, கிண்ணியாவில் வாங்கியது என்றான்.

"பக்கத்து வீட்டு ஐயா கொழும்பில இருந்து வந்ததெண்டு சொல்லுறாரே," என்றார் அதிகாரி. அவருடைய குரலில் கடுமை இல்லை. இராசநாயகம் அண்ணர், பாவம், எங்கள் வீட்டுக்கு நல்ல சாட்சி சொல்வதாக நினைத்து, வாசலிலேயே அவரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறார்.

மறுநாள் நான் விடுமுறை எடுத்துக்கொண்டு, கணவருடனும் தம்பியுடனும் அதிகாரிக்குப் பின்னால் கிண்ணியாவுக்குப் போனேன். ஸைனுலாப்தீன் நானா தம்முடைய சீட்டைக் காட்டினார். அதிகாரி சீட்டை அதிகம் பார்க்கவில்லை. நேரே வளவுக்குள் போய் ஒவ்வோர் உருளையாகவும் சங்கிலிக் கொளுக்கியாகவும் புரட்டச் சொன்னார். துருவைத் துடைத்த இடமெல்லாம் அம்புகள் இருந்தன. எல்லாம் இரட்டை. எல்லாம் நுனியோடு நுனி தொட்டவை.

அப்போது அவர் எங்களுக்கு விளக்கினார். அரசாங்கப் பொருளை ஏலத்தில் விற்கும்போது, முதல் அம்புக்கு எதிராக இரண்டாவது அம்பைக் கொத்திவிடுவது கடற்படையின் பழைய வழக்கம். இந்தப் பொருள் இனி அரசாங்கத்துக்கு உரியதல்ல என்பதே அதன் பொருள். விற்ற பொருள் பண்டகசாலைக்குள் இருப்பதில்லை. அதனால் தம்பி அதைக் கண்டிருக்க வாய்ப்பில்லை.

தம்பியின் முகம் மலர்ந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தாங்க முடியவில்லை. அவன் அதிகாரிக்கு மிக அருகில் போய் நின்றான்.

"ஐயா, எங்கட ஜெக்கிலயும் இதுதான் இருந்தது. ரெண்டு அம்பு. இதே மாதிரி. அக்காவும் கண்டவ, அத்தானும் கண்டவர்."

அதிகாரி கையிலிருந்த கொளுக்கியைக் கீழே வைத்தார்.

"ரெண்டு அம்பு இருந்தால் ஆராவது அழிப்பினமோ தம்பி?" என்றார். "ஒண்டு இருந்தால்தான் அழிப்பினம்."

என் கணவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள், நாங்கள் பயந்துதான் அழித்தோம் என்று நான் சொன்னேன். எதற்குப் பயம் என்று அவர் கேட்டார். களவுப் பொருள் என்று நினைத்தோம் என்றேன். அப்படி நினைத்தும் அறிவிக்காமல் வைத்திருந்தீர்களா என்று அவர் மிகவும் பணிவாகக் கேட்டார். நான் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளிடம் கேட்கும் கேள்விகளும் அப்படித்தான் இருக்கும். அவற்றுக்குப் பிள்ளைகள் ஏன் வாய் திறப்பதில்லை என்று அன்று விளங்கிக்கொண்டேன்.

நானா தம்மாலானதைச் செய்தார். அந்த ஜெக் தம்முடைய குவியலில் இருந்ததுதான் என்று தம்முடைய மார்க்கத்தின்மேல் ஆணையிட்டுச் சொன்னார். அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். வேறென்ன செய்வார்? குவியலில் இன்னின்ன இருந்தன என்று எங்கும் பதிவில்லை. மாறாக, துறைமுக ஆள் ஒருவன் வெளியே கொண்டுவந்த பொருளை நானா தம்முடைய ஏலச் சீட்டால் மறைத்துக் கொடுத்தாரோ என்ற ஐயம் அவர்மேலும் விழுந்தது.

நாங்கள் ஓடத்துறைக்குத் திரும்பும்போது அவர் படலை வரை கூட வந்தார். அன்றைக்கு அவருடைய குரல் பெரிதாக இருக்கவில்லை.

"அந்த அம்புக்கு என்ன கருத்தெண்டு எனக்கும் தெரியா டீச்சர். நான் நிறுத்து வாங்கி நிறுத்து விக்கிறவன். ஆனா ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே. தெரிஞ்ச ஆளைப் பிடிச்சு விசாரிச்சிருப்பன்தானே. நான் கள்ளனெண்டு நினைச்சிட்டுத்தானே கேக்காம விட்டீங்க?"

இல்லை நானா என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் கணவர்தான் ஓம் என்று மெல்லச் சொன்னார். நானா தலையை அசைத்துவிட்டுப் படலையைச் சாத்தினார்.

வழக்கு என்று எதுவும் போடவில்லை. போதிய சான்று இல்லையாம். ஆனால் நியமனம் கொடுக்காமல் விடுவதற்குச் சான்று தேவைப்படவில்லை. அந்த மாத முடிவில் தம்பியை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். திரியாயிலிருந்து பெண்ணின் தாய்மாமன் ஒருவர் வந்து, எங்கள் வீட்டில் தண்ணீரும் அருந்தாமல், பேச்சை முறித்துக்கொண்டு போனார். காணாமற்போன ஜெக் பிற்பாடு கிடைத்ததா என்று எங்களுக்கு எவரும் அறிவிக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

இவ்வளவு நேரம் பொறுமையாக வாசித்தவர்களுக்கு என் நன்றி. அழகாக முடிக்க எனக்குத் தெரியவில்லை. ஆகவே இழந்தவற்றை மட்டும் எழுதி நிறுத்திக்கொள்கிறேன். பொறியை, சான்றுப் பொருள் என்று கொண்டுபோனார்கள். அது திரும்பி வரவில்லை. ஸைனுலாப்தீன் நானாவுக்கு இரண்டு ஆண்டுகள் துறைமுக ஏலத்தில் கலந்துகொள்ளும் அனுமதி இல்லாமற்போயிற்று. இராசநாயகம் அண்ணர் எங்களோடு பேசுவதை விட்டார். புஸ்பராணி வேறிடத்தில் மணமுடித்தாள். தம்பி வேலை தேடி மன்னாருக்குப் போனான். வருடப் பிறப்புக்குக்கூட வருவதில்லை.